ஏஐ பிரைம் 16எச்டி: சின்ன ரீஃப் தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம்?

நீளம், அகலம், உயரம் மூன்றும் 45 சென்டிமீட்டர் உள்ள கடல்நீர்த் தொட்டி. அதில் ஹேமர், டார்ச், ஸோவா மாதிரிப் பவளங்கள். இப்படி ஒரு திட்டம் உங்களுக்கு இருந்தால் அக்வாஇல்யூமினேஷன் (ஏஐ) நிறுவனத்தின் பிரைம் 16எச்டி விளக்கைத் தயங்காமல் வாங்கலாம். சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் இதே அளவுத் தொட்டிக்கு மேல் இந்த ஒரு விளக்குதான் எரிகிறது. இரண்டாவது விளக்குக்கான தேவை வரவே இல்லை.

ஆனால் இதன் அருமை பெட்டியைப் பிரித்ததும் தெரியாது. கைபேசிச் செயலியைத் திறந்து ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு வைப்பது என்று முடிவு செய்யும் இடத்தில்தான் தெரியும். புதிதாக வாங்குகிறவர்கள் திணறுவதும் அங்கேதான். அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருள். உள்ளங்கையை விரித்தால் வரும் அகலத்தில் ஒரு சதுரம். உள்ளே 16 எல்இடி, நடுவில் ஒரு விசிறி. விளக்கு முழு வலிமையில் எரிந்தாலும் 60 வாட்டைத் தாண்டாது. தொட்டியின் விளிம்பில் பொருத்தும் கையைத் தனியாக வாங்க வேண்டும், பட்ஜெட் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளைத்து உயர்த்தக்கூடிய கையாக வாங்குவது நல்லது. உயரத்தை மாற்றிப் பார்க்க முடிவது நிறங்களை மாற்றிப் பார்ப்பதற்குச் சமமான வசதி.

மோபியஸ் என்ற செயலி புளூடூத் வழியாக விளக்கோடு பேசும். யூவி, வயலட், ராயல் ப்ளூ, ப்ளூ, பச்சை, சிவப்பு, கூல் வைட், அப்புறம் இரவுக்கு நிலவொளி என்று தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். பெயரில் உள்ள எச்டிக்கு ஒரு பொருள் உண்டு. ஒரு நிறத்தைக் குறைத்து வைத்தால் மிச்சமாகும் மின்சக்தியை இன்னொரு நிறத்துக்குக் கொடுத்து, அதை 100 சதவீதத்துக்கு மேலும் ஏற்ற முடியும். பவளம் வளர்க்கிறவர்கள் வெள்ளையையும் சிவப்பையும் தாழ்த்தி நீலத்தை உயர்த்துகிறவர்கள் என்பதால் இது நமக்கென்றே செய்த ஏற்பாடு.

ஏன் நீலம்? பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்கு உணவில் பெரும்பங்கைத் தருவது அவைதான். கடல்நீர் சிவப்பொளியை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும், நீலம்தான் ஆழத்துக்குப் போகும். அந்தப் பாசிகளின் நிறமிகளும் நீலத்தை நன்றாக வாங்கிக்கொள்கிறவை. பவளத்தில் பச்சையும் ஆரஞ்சும் தகதகவென்று ஒளிர்வதும் நீலத்தால்தான். சதையில் உள்ள ஒளிரும் புரதங்கள் நீலத்தை உள்வாங்கி வேறு நிறமாக வெளியே விடுகின்றன. ஆக உணவு, அழகு இரண்டும் நீலத்திலிருந்தே வருகின்றன.

சிக்கல் நம் கண்ணில் இருக்கிறது. மனிதக் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பக்கம், அதாவது மஞ்சள் கலந்த பச்சைதான் பிரகாசமாகத் தெரியும். 450 நானோமீட்டரில் உள்ள ராயல் ப்ளூ எவ்வளவு கொட்டினாலும் மங்கலாகத்தான் படும். வெள்ளையை 15இலிருந்து 40 ஆக்கிப் பாருங்கள், அறையே வெளிச்சமாகிவிட்டது போல இருக்கும். நீலத்தை அதே அளவு ஏற்றினால் “கொஞ்சம் கூடியிருக்கோ?” என்று சந்தேகம்தான் வரும். பவளத்துக்கோ இரண்டாவதுதான் பெரிய மாற்றம். “இருட்டா இருக்கே, இன்னும் கொஞ்சம் ஏத்து” என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு ஏற்றினால் அடியில் இருக்கும் உயிர் வெளுக்கும். வெளிச்சம் அளவுக்கு மீறினால் நுண்பாசிகளின் ஒளிச்சேர்க்கை அமைப்பு பழுதாகிறது, உள்ளே நச்சு ஆக்ஸிஜன் சேர்கிறது, பவளம் தன் பாசியையே வெளியே தள்ளிவிடுகிறது. பாசி போன பவளம் பட்டினி கிடக்கும்.

அதனால் கண்ணை நம்பாமல் மீட்டரை நம்ப வேண்டும். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதைத்தான் பிஏஆர் என்கிறோம். அதை அளக்கும் மீட்டர் விளக்குக்கு இணையான விலை, சில மாடல்கள் அதைவிடவும் அதிகம். ஒருமுறை அளந்தால் பல மாதங்களுக்குத் தேவைப்படாத கருவியைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. பவளம் விற்கும் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். நான் ஒரு வார இறுதிக்கு முன்பணம் கட்டி அபோஜி எம்க்யூ-510 எடுத்து வந்தேன். மாடலைக் கேட்டு வாங்குங்கள். பழைய மீட்டர்கள் சில நீல எல்இடி ஒளியைக் குறைத்துக் காட்டும். எம்க்யூ-510 நீருக்குள் வைத்து அளக்கவே செய்தது, நீருக்கான திருத்தமும் அதன் கணக்கிலேயே சேர்ந்திருக்கிறது.

அளப்பது பொறுமையான வேலை. நீண்ட குச்சியின் முனையில் பொத்தான் அளவு சென்சார். அதை மேல்நோக்கி, சாயாமல் பிடிக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் எண் விழுந்துவிடும். கையின் நிழலும் தலையின் நிழலும் குறுக்கே வரக் கூடாது. அலை பம்ப்பை நிறுத்தாமல் அளந்தேன், பவளம் வாழப்போவது அந்த அலையில்தானே. நீர்ப்பரப்பு நெளியும்போது கண்ணாடிச் சில்லு மாதிரி ஒளிக்கோடுகள் பாறைமேல் ஓடும், எண்ணும் 90, 140, 105 என்று குதிக்கும். அரை நிமிடம் அசையாமல் வைத்திருந்து, எந்த எண்ணைச் சுற்றி ஆடுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு தாளில் தொட்டியை மேலிருந்து பார்ப்பது போல வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் எண்ணை எழுதினேன். அந்தத் தாள் இன்னும் தொட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. புதுப் பவளம் வாங்கக் கிளம்பும் முன் அதைத்தான் பார்க்கிறேன்.

சரி, என் அமைப்பு. விளக்கு நீர்ப்பரப்புக்கு 20 சென்டிமீட்டர் மேலே. உச்ச நேரத்தில் ராயல் ப்ளூ 85, ப்ளூ 80, வயலட் 75, யூவி 75, கூல் வைட் 15, பச்சை 2, சிவப்பு 2. இந்த அளவில் பாறையின் உச்சியில், நீரிலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழத்தில் 215. நடுத் திட்டில் 110 முதல் 130. அதற்குக் கீழே பாறைச் சரிவில் 95. மணலில் நடுவே 80. மூலைகளில் 40க்கும் கீழே.

இப்போது பவளத்துக்கு ஏற்ப இடம் பிரிக்கலாம். மஷ்ரூம், லெதர் போன்ற மென்பவளங்களுக்கு 50 முதல் 100 போதும். ஹேமர், டார்ச், டங்கன் மாதிரிச் சதைப்பற்றுள்ள எல்பிஎஸ் (பெரிய தலைகள் உள்ள கடினப் பவளம்) வகைகள் 75 முதல் 150க்குள் நிம்மதியாக இருக்கும். எகான் என்ற எல்பிஎஸ் பவளம் அந்த வரம்பின் கீழ்ப்பக்கத்தை விரும்பும். மோன்டிபோரா, பேர்ட்ஸ்நெஸ்ட் போன்ற எஸ்பிஎஸ் (சின்னத் தலைகள் உள்ள கடினப் பவளம்) வகைகளுக்கு 200க்கு மேல் வேண்டும். ஆகவே உச்சியில் மோன்டிபோரா டிஜிடாட்டா, நடுத் திட்டில் டார்ச்சும் ஹேமரும், சரிவில் ஸோவா, மணலின் முன்பக்கம் எகான், மூலை நிழலுக்குச் சற்று உள்ளே மஷ்ரூம். விளக்கை எல்லாருக்கும் பொதுவாக ஒரு அளவில் நிறுத்தி, பவளத்தை அதனதன் எண்ணுக்குக் கொண்டுபோய் வைப்பது. ஒரு தொட்டி, ஒரு விளக்கு என்ற நிலையில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மீட்டர் சொன்னதைப் பவளமும் ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? ஹேமரைக் கவனிப்பது எளிது. விளக்கு உச்சத்துக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 110இல் இருக்கும் என் ஹேமரின் விரல்கள் தளதளவென்று நீண்டு, முனையில் உள்ள சுத்தியல் வடிவம் பச்சையாக ஒளிரும், கீழே எலும்புக்கூடு கண்ணுக்கே தெரியாது. வெளிச்சம் மிஞ்சினால் விரல்கள் பாதியில் நின்றுவிடும், சதை எலும்போடு ஒட்டினாற்போல் இருக்கும். அப்படி நாள்கணக்கில் இருந்தால் இடத்தை மாற்ற வேண்டும். ஒருநாள் சுருங்கியதற்கெல்லாம் கை வைக்காதீர்கள், உப்பளவோ மீனின் சேட்டையோ காரணமாக இருக்கலாம்.

ஸோவா எதிர்ப்பக்கத்தைச் சொல்லித் தரும். ஒரு துண்டை வேண்டுமென்றே இரண்டாகப் பிரித்து, ஒன்றை மூலையிலும் ஒன்றைச் சரிவிலும் வைத்தேன். மூலையில் இருந்தது காம்பை நீட்டி நீட்டி வெளிச்சத்தைத் தேடியது. வட்டின் ஆரஞ்சு நிறம் பழுப்பாகிக்கொண்டே போனது. ஒளி குறையும்போது நுண்பாசி பெருகும், அந்தப் பழுப்புதான் மேலே தெரியும். சரிவில் 95இல் இருந்தது பாயோடு பாயாகக் குட்டையாகப் படர்ந்து, ஓரத்தில் புதுத் தலைகளை விட்டது. ஒரே தாய்த் துண்டுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் வேறு வேறு வகை என்றே சொல்வீர்கள். மூலையிலிருந்ததைப் பிறகு சரிவுக்கு ஏற்றினேன், காம்பு குறுகி நிறமும் திரும்பியது.

வெளுப்பதெல்லாம் வெளிச்சத்தால் என்றும் நினைத்துவிடக் கூடாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாக இல்லாத நீரில் பவளம் வெளிறும், அப்போது விளக்கைக் குறைத்துப் பயன் இல்லை. நான் நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட்டை 0.05 பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் விளக்கைப் பற்றி எந்த முடிவும் எடுப்பேன்.

நேரக் கணக்கை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பிஏஆர் என்பது ஒரு நொடிக்கான அளவு, பவளத்துக்கு நாள் முழுவதும் சேரும் கூட்டுத்தொகை முக்கியம். என் அட்டவணை மதியம் 12.30க்குத் தொடங்கும், இரண்டு மணி நேரம் மெல்ல ஏறும், 2.30 முதல் இரவு 8.30 வரை உச்சம், பிறகு இரண்டு மணி நேரம் இறக்கம். ஏறும் இறங்கும் நேரத்தைப் பாதியாக எடுத்துக்கொண்டால் மொத்தம் எட்டு மணி நேர உச்சத்துக்குச் சமம். 110 வாங்கும் ஹேமருக்கு ஒரு நாளில் சுமார் 3.2 மோல். இதையே ஏற்றம் இறக்கம் இல்லாமல் 12 மணி நேரம் உச்சத்தில் எரியவிட்டால் 4.75 மோல் ஆகிவிடும். எந்த நிறத்தையும் தொடாமலேயே ஒன்றரை மடங்கு! இரவு வேலைவிட்டு வந்து தொட்டியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நேரத்தை நீட்டாமல், முழு அட்டவணையையும் பின்னுக்குத் தள்ளிவிடலாம். நான் செய்திருப்பது அதுதான். சிங்கப்பூர் மாதிரி ஊரில் மாலை வெயில் சன்னல் வழியாகத் தொட்டிமேல் விழுகிறதா என்றும் பாருங்கள். அது இந்தக் கணக்கில் வராத கூடுதல் வெளிச்சம், கூடவே சூடு.

மோபியஸில் எனக்கு மிகவும் பிடித்த வசதி பழக்கப்படுத்தும் முறை. உச்ச அளவில் எத்தனை சதவீதத்தில் தொடங்குவது, எத்தனை நாளில் முழு அளவுக்கு வருவது என்று இரண்டே எண்கள் கொடுத்தால் போதும், அதுவே ஒவ்வொரு நாளும் துளித்துளியாக ஏற்றிக்கொண்டு போகும். விளக்கு புதிதாக வந்தபோது 50 சதவீதத்தில் தொடங்கி நான்கு வாரம் கொடுத்தேன். அதற்கு முன் இருந்தது பெயர் இல்லாத ஒரு கிளிப் விளக்கு. அதில் நீலம், வெள்ளை என்று இரண்டு பொத்தான்தான், விடியலும் அந்தியும் கிடையாது, டைமர் அடித்ததும் பளிச்சென்று முழு வெளிச்சம். மீன்கள் திடுக்கிட்டுப் பாறைக்குள் ஓடும். அந்தத் தொல்லை இப்போது இல்லை. புதுப் பவளம் ஒன்று மட்டும் வருகிறதென்றால் முழு விளக்கையும் இறக்க வேண்டாம். அதை மணலில் ஓரமாக வைத்து, வாரத்துக்கு ஒரு படி மேலே நகர்த்தினால் போதும்.

சென்னையில் இருக்கும் ஒரு தம்பி அண்மையில் அழைத்தான். “அண்ணே, உங்க ப்ளூ எத்தனை சதவீதம்? அப்படியே போட்டுக்கிறேன்” என்றான். சதவீதத்தைக் கேட்காதே தம்பி, எந்த இடத்தில் எத்தனை பிஏஆர் என்று கேள் என்றேன். அவன் தொட்டி 60 சென்டிமீட்டர் நீளம், விளக்கு 30 சென்டிமீட்டர் உயரத்தில். என் 85 அங்கே போனால் வேறு எண். விளக்கை உயர்த்தினால் நடுவில் குறையும், ஓரத்தில் பரவும். தொட்டிக்கு மேல் கண்ணாடி மூடி இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். கைக்குக் கை மாற்றிக்கொள்ளத் தகுந்த எண் பிஏஆர் ஒன்றுதான். செயலியில் கிடைக்கும் ஆயத்த அமைப்புகளும் இப்படித்தான். நிறங்களின் விகிதத்துக்கு அவை நல்ல தொடக்கம், வலிமையை உங்கள் தொட்டியில் அளந்து நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும்.

அவனிடம் இன்னொன்றையும் சொன்னேன், இந்தியாவில் இருப்பவர்கள் எல்லாருக்குமே இது பொருந்தும். பாறை கட்டும் கடினப் பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது ஒரு துண்டு கொண்டுவந்து நீட்டினால் வாங்கவே கூடாது. அங்கிருக்கும் பவளத் திட்டுகள் ஏற்கெனவே சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டும், கடல் சூடேறி வெளுத்தும் போதுமான அடி வாங்கியவை. இங்கே சிங்கப்பூரிலும் கடினப் பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருகிறவை. உரிய அனுமதியோடு இறக்குமதி செய்கிற கடையில், முடிந்தால் வளர்ப்புத் துண்டுகளாக வாங்குங்கள். வீட்டுத் தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டு விளக்கு வெளிச்சத்துக்குப் பழகியிருக்கும், அமைப்பு வைப்பதும் எளிது.

மின்கட்டணம் பெரிய விஷயம் இல்லை. என் அட்டவணைக்கு எவ்வளவு கூட்டிப் பார்த்தாலும் மாதம் 15 யூனிட்டைத் தாண்டாது, யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் ஐந்து சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்துவிடும். இந்த ஊர் வெக்கையில் தண்ணீரை 26 டிகிரியில் வைக்கும் சில்லர்தான் காசைத் தின்னும்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது இரண்டு. நீர்த்திவலை தெறித்து லென்ஸில் உப்புப் படலம் கட்டும், அது ஒளியைக் குறைக்கும். விளக்கை அணைத்து ஆறவிட்டு, ஆர்ஓ நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் வாரம் ஒருமுறை துடைத்துவிடுகிறேன். மேலே காற்றுத் துளைகளில் தூசி சேராமல் தூரிகையால் தட்டிவிட வேண்டும். விசிறி மூச்சுவிட வழி இருந்தால்தான் எல்இடிக்கு ஆயுள்.

ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் எதுவானாலும் நிழல் விழும். பாறையைக் குவியலாக அடுக்கினால் பின்பக்கம் வீணாகிவிடும். நான் பாறைகளை நடுவிலிருந்து தாழ்வான படிகளாக இறக்கியிருக்கிறேன், மேல்படி கீழ்ப்படியை மறைக்காதபடி. டிஜிடாட்டா வளர்ந்து குடை விரிக்கும்போது அடியில் இருப்பவற்றுக்கு எண் குறைந்துகொண்டே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். கிளையைக் கத்தரித்துவிட்டு மறுபடி ஒருமுறை மீட்டர் வாடகைக்கு எடுப்பது நல்லது.

60 சென்டிமீட்டர் தொட்டிக்கு, எல்பிஎஸ் மட்டும் வளர்ப்பதாக இருந்தால், விளக்கைக் கொஞ்சம் உயர்த்தி ஒன்றிலேயே சமாளிக்கலாம். 90 சென்டிமீட்டர் என்றால் இரண்டு வேண்டும். தொட்டி முழுக்க அக்ரோபோரா என்ற எஸ்பிஎஸ் பவளத்தால் நிரப்ப நினைப்பவர்கள் என் தொட்டியின் அளவிலேயேகூட இரண்டு வைத்தால்தான் பக்கவாட்டுக் கிளைகளுக்கும் வெளிச்சம் கிடைக்கும். மீட்டர் கிடைக்கவே இல்லை என்றால், நான் கொடுத்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மொத்த வலிமையைப் பாதியில் வைத்துத் தொடங்குங்கள். ஸோவாவும் ஹேமரும் என்ன சொல்கின்றன என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டு, ஐந்து சதவீதம் ஏற்றுங்கள், அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம்.